அளக்கிற கை

எங்கள் வீட்டில் நெல் அளக்கும் மரக்கால் ஒன்று இருக்கிறது. பலாமரத்தில் கடைந்து, வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண் போட்டது. அப்பாயி இறந்தபின் ஊர் வீட்டைக் காலி செய்தபோது வேறு எவரும் கேட்காததால் என் பங்குக்கு வந்து சேர்ந்தது. இப்போது அது திருச்சியில், மாடிப்படிக்குக் கீழே, கொடியில் துணி மாட்டும் கிளிப்புகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, "பழைய காலத்துப் பொருள், அழகாக இருக்கிறது" என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கள் வீட்டுக்கு நெல் வந்து சேர்ந்த மரக்கால் மட்டுமல்ல, எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கூலி அளந்த மரக்காலும்கூட. அதைச் சொன்னால் பேச்சு சற்றுத் தடைபடுகிறது.

நாங்கள் மிராசுதார்கள் அல்லர். மன்னார்குடிப் பக்கம் கோயில் நிலம் கொஞ்சத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பம். ஆயினும் காவிரிப் படுகையில் ஏணியின் நடுப்படியில் நின்றவர்களுக்கும் தமக்குக் கீழே ஒரு படி இருந்தது. அறுவடை முடிந்து களத்தில் பொலி குவிந்ததும் தாத்தா மரக்காலை எடுத்துக்கொண்டு உட்காருவார். முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணுகிற வழக்கமில்லை. "லாபம்" என்றுதான் தொடங்க வேண்டும், அதன் பிறகே "ரெண்டு, மூணு" என்று போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். குத்தகை நெல்லை அளக்க வரும் கோயில் ஆள் மரக்காலைக் கோபுரமாகக் குவித்து எடுப்பார். கூலி அளக்கும்போது அதே மரக்காலின் வாயை உள்ளங்கை தலைதட்டிவிட்டுப் போகும். குவித்தால் ஓர் அளவு, தட்டினால் ஓர் அளவு. பெரிய பண்ணைகளில் வாங்குவதற்கு ஒரு மரக்காலும் கொடுப்பதற்கு ஒரு மரக்காலும் தனித்தனியாக இருந்தன என்று அப்பாயி சொல்லுவார். "நம்ம வீட்ல ஒண்ணுதான் இருந்துச்சு" என்று அவர் பெருமையோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு. மரக்கால் ஒன்றாக இருந்தாலும் கை இரண்டாக இருக்க முடியும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

கூலி வாங்க வந்த பெண்கள் முந்தானையை விரித்து மடியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நெல் மேலிருந்து விழும். அளப்பவர் கையும் வாங்குபவர் துணியும் தொட்டுவிடாத உயரத்திலிருந்து விழும். சிதறிய மணிகளை அவர்கள் குனிந்து பொறுக்கிக்கொள்வார்கள். எழுபதுகளின் இறுதியில் சிறுவனாக இதைப் பார்த்திருக்கிறேன். அப்போது இதில் பார்ப்பதற்கு ஏதும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மரக்காலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பொருளாதார விவாதங்களில் ரேஷன் அரிசி எப்போதும் ஒரு செலவாகவோ சலுகையாகவோதான் வருகிறது. எத்தனை கோடி மானியம், எத்தனை டன் கசிவு, யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்ற கேள்விகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் நெல் விளையும் நாட்டில் பிறந்த எனக்கு அந்தக் கடை முதலில் செய்த மாற்றம் வேறொன்றாகத் தெரிகிறது. அரிசியை அளக்கிற கையை அது மாற்றியது.

ரேஷன் ஏழைகளுக்காகப் பிறந்த ஏற்பாடு அல்ல, போரினால் பிறந்தது. சென்னை மாகாணம் தன் தேவைக்குப் போதுமான அரிசியை விளைவிக்கவில்லை. குறைந்ததைப் பர்மா நிரப்பிக்கொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது அந்தக் கப்பல்கள் நின்றன. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதே 1943-இல் சென்னை நகரில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. அவுன்ஸ் கணக்கில் அரிசியை நிறுத்துக் கொடுத்த அந்தக் காலத்தைப் பற்றி நகரத்துப் பெரியவர்கள் ஒரு கசப்போடுதான் பேசுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் கட்டுப்பாடு நீடித்தது. 1952-இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி, பதவியேற்ற சில வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மழையும் கைகொடுக்க, அந்த முடிவு வெற்றி என்று கொண்டாடப்பட்டது.

அதே 1952-இல், அதே அரசு, தஞ்சை மாவட்டத்துக்கென்று இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது. குத்தகைதாரர்களையும், ஒரே பண்ணையில் நிரந்தரமாக உழைத்த பண்ணையாட்களையும் பாதுகாக்கும் சட்டம் அது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்றும், கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றும் அது சொன்னது. அந்தக் கூலியும் நெல்லாகவே நிர்ணயிக்கப்பட்டது. பல மிராசுதார்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: பண்ணையாள் என்று எவரையும் வைத்துக்கொள்ளாமல் எல்லோரையும் அன்றாடக் கூலி ஆக்கிவிட்டார்கள். ஒரு கட்டுப்பாடு நகரவாசிகளின் நன்மைக்காக நீக்கப்பட்ட ஆண்டில், இன்னொரு கட்டுப்பாடு கிராமத்தாரின் நன்மைக்காகப் போடப்பட்டுத் தோற்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அரிசி சந்தையில் தாராளமாகக் கிடைப்பதும் வயலில் வேலை செய்பவளின் பானைக்கு அது போய்ச் சேருவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அந்த ஓராண்டே காட்டிவிடுகிறது.

அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சிய கதைகள் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் இருக்கும். 1965 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. நெல் அங்கேதானே இருந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை வந்தது. சோதனைச் சாவடிகளைக் கடக்க இடுப்பில் அரிசியைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணிபோல் ரயிலேறிய பெண்களைப் பற்றி அப்பாயி சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

1967 தேர்தலில் தி.மு.க. வைத்த வாக்குறுதி எல்லோரும் அறிந்தது: ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம். இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. 1962-க்குள் நாடு முழுவதும் மெட்ரிக் எடை கட்டாயமாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் படி என்கிற பழைய முகத்தலளவை அப்போது இல்லாத பொருள். ஆனாலும் கிலோவில் வாக்குறுதி கொடுத்தால் எந்தத் தாயின் காதிலும் விழாது என்று அண்ணாவின் கட்சிக்குத் தெரிந்திருந்தது. பசி படிக் கணக்கில்தான் இருந்தது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடப்பட்டது. மத்திய அரசு கைகொடுக்கவில்லை, கருவூலம் தாங்கவில்லை, திட்டம் அந்த நகரங்களைத் தாண்டவில்லை.

அந்த அரிசி எட்டாத தஞ்சைக் கிராமங்களில் ஒன்றில்தான், மறு ஆண்டு, கீழ்வெண்மணி நடந்தது. 1968 டிசம்பர் 25. அறுவடைக் கூலியில் சிறிதளவு நெல்லைக் கூட்டிக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து நின்ற தலித் உழைப்பாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். அதைத் தொடர்ந்து 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே பெரிய தூரமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. அளவைப் பற்றிய சண்டை என்று மட்டும் ஒருமுறை தாத்தா சொன்னார். அந்த ஒரு சொல்லில் அவர் சொன்னதும் மறைத்ததும் சம அளவில் இருந்தன.

கூலி உயர்வு கேட்பவர், கேட்கிற அதே கையிலிருந்துதான் அன்றைய இரவுச் சோற்றையும் பெற்றாக வேண்டும் என்றால், அந்தக் கேள்விக்கு என்ன வலு இருக்கும்? டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்களில் வேலை இராது. அப்போது பண்ணையிடம் நெல் கடன் வாங்கித்தான் அடுப்பு எரியும். தை அறுவடையில் உழைத்துக் கழிக்க வேண்டும். கடன் வாங்கியவர் தையில் கூலி பேச முடியாது. பணமாகக் கூலி தந்திருந்தால்கூட, ஊரில் அரிசி விற்கக்கூடிய வீடு அதே வீடாகத்தான் இருந்திருக்கும்.

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைக்கப்பட்டது. டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைத் திறந்து அது நெல் வாங்கியது. அரைத்த அரிசி கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திய கடைகளுக்குப் போனது. எண்பதுகளுக்குள் இந்தக் கடைகள் கிராமங்களுக்குள் பரவிவிட்டன. எங்கள் ஊருக்கு வந்த கடை, மாரியம்மன் கோயில் தெருவில் ஓட்டு வீட்டின் முன்கட்டில் இருந்தது. இரும்புத் தராசு, கிலோ கற்கள், மண்ணெண்ணெய் பீப்பாய், பச்சைப் பெயின்ட் அடித்த மேசை. எங்கள் களத்தில் மடி ஏந்தி நின்ற அதே பெண்கள் அங்கே அட்டையை நீட்டிப் பையை விரித்தார்கள். அரிசி நன்றாக இருந்தது என்று எவரும் சொல்லவில்லை. ஊறின நாற்றம், கல், கருப்பு. சேதி அரிசியில் இல்லை. அந்தப் பையில் விழுந்த அரிசிக்காக அவர்கள் தையில் எவருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

பத்திருபது ஆண்டுகளில் எங்கள் பகுதியில் நெல் கூலி போய்ப் பணக் கூலி வந்தது. ரேஷன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சங்கங்கள், சாலைகள், திருப்பூர் பஸ், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் என் சித்தப்பா இன்றும் வைக்கிற குற்றச்சாட்டு ரேஷனின் மேல்தான். "சும்மா அரிசி குடுத்து ஆளையெல்லாம் சோம்பேறி ஆக்கிட்டாங்க, நடவுக்கு ஆள் இல்லை" என்பார். பிற்பாடு நூறு நாள் வேலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. 2018 இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றுகூட, எல்லோருக்கும் இலவச அரிசி கொடுப்பது மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்ற கருத்தை வெளியிட்டது. சித்தப்பா அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டார். அவரிடம் நான் வாதாடுவதில்லை, ஏனென்றால் அவர் கவனித்தது பொய் இல்லை. வீட்டில் ஒரு மாதத்து அரிசி இருக்கிறவர், குறைந்த கூலிக்கு வர மாட்டார். இதைப் பொருளாதாரம் படித்தவர்கள் வேலைக்கு இணங்கும் குறைந்தபட்சக் கூலி உயர்ந்துவிட்டது என்பார்கள். சித்தப்பா சோம்பேறித்தனம் என்கிறார். வராமல் இருக்கிறவரைக் கேட்டால் அவர் வைக்கும் பெயர் மூன்றாவதாக இருக்கும்.

இனி, எல்லோருக்கும் ஏன் என்ற கேள்வி. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. கீழே உள்ளவர்களுக்கு மலிவு விலை, மேலே உள்ளவர்களுக்கு ஏறத்தாழச் சந்தை விலை. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதுவரை அனைவருக்குமான ரேஷனைச் சிறப்பாக நடத்தி வந்த கேரளத்தில், கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். விற்பனை சரிந்து, கடைகள் நடத்த முடியாமல் தள்ளாடின. தமிழ்நாடு கோடு போட மறுத்தது. அட்டை வைத்திருப்பவர் அரிசி வேண்டுமா, சர்க்கரை மட்டும் போதுமா, எதுவுமே வேண்டாமா என்று தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டது. தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் எதில் ஒத்துப்போயினவோ இல்லையோ, இதில் ஒத்துப்போயின. 2008-இல் கிலோ 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் மாதம் 20 கிலோ வரை என்று விலைதான் இறங்கியதே தவிர வரிசை குறுகவில்லை. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் சேர்ந்தது, அதுவும் அனைவருக்கும் என்ற ஏற்பாட்டைக் கைவிடாமலே.

வரிசையில் எல்லோரும் நிற்பதால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆண்டு 1988 அல்லது 89. எங்கள் ஊர்க் கடையில் இரண்டு மாதமாகப் புழுத்த அரிசி வந்துகொண்டிருந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். "வந்ததைத்தானே குடுக்க முடியும்" என்ற பதிலோடு முடிந்தது. மூன்றாம் மாதம் தலைமையாசிரியரின் மனைவி தம் பையில் விழுந்த அரிசியை அங்கேயே மேசையில் கொட்டிவிட்டார். "இதை உங்க வீட்ல ஆக்குவீங்களா?" என்று கேட்டார். நான்காம் நாள் மூட்டைகள் மாறின. அன்று வரிசையில் அவருக்குப் பின்னால் செங்கல்லும் கிழிந்த பையும் வைத்து இடம்பிடித்திருந்த பெண்களுக்கும் நல்ல அரிசி கிடைத்தது. இதில் மகிழ்வதற்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெட்கப்படவும் இருக்கிறது: இரண்டு மாதம் பேசியவர்களின் குரல் குரலாகக் கணக்கில் வரவில்லை. ஆனாலும், அந்த அம்மாள் கோட்டுக்கு மேலே என்று வேறு கடைக்கு அனுப்பப்பட்டிருந்தால் மூன்றாம் மாதமும் புழுத்த அரிசிதான் வந்திருக்கும்.

ஏற்பாட்டில் குறை இல்லை என்று சொல்லவில்லை. ரேஷன் அரிசி பாலிஷ் போடப்பட்டு ரயிலேறி எல்லை தாண்டுவதும், மாட்டுத் தீவனமாவதும், இட்லி மாவாவதும் ஊரறிந்த இரகசியம். அதைப் பிடிப்பதற்கென்றே தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது. தருமபுரி, இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் கம்பும் கேழ்வரகும் தட்டிலிருந்து மறைந்ததில் மலிவு அரிசிக்குப் பங்கு உண்டு. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் தருகிறார்கள். சிறுதானியத்துக்கு அந்த அக்கறை வந்து சேர வெகு காலம் பிடித்தது. இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, நான்.

என்னிடம் அரிசி அட்டை இருக்கிறது. 2017-இல் அது ஸ்மார்ட் அட்டையாக மாறியது. நான் அரிசி வாங்குவதில்லை. பொங்கல் தொகுப்புக்கும், எப்போதாவது பருப்புக்கும் போவதோடு சரி. கொரோனா காலத்தில் அரசு கொடுத்த பணத்தையும் வாங்கிக்கொண்டேன். என் தெருவில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ஏட்டில் அனைவருக்குமான கடை; வரிசையைப் பார்த்தால் வீட்டு வேலை செய்யும் பெண்களும் கட்டடத் தொழிலாளிகளும் முதியவர்களும் மட்டுமே. எந்தக் கோட்டைப் போட மாட்டோம் என்று அரசுகள் பிடிவாதமாக இருந்தனவோ, அதை நாங்களே சத்தமில்லாமல் போட்டுக்கொண்டோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது: என் அட்டைக்கு 20 கிலோ அரிசி வழங்கப்பட்டுவிட்டது. நான் வாங்கவே இல்லை. இது என் ஒருவனுக்கு நேர்ந்ததல்ல, தமிழ்நாட்டில் பலரும் அனுபவித்ததுதான். மறுநாள் கடைக்குப் போனேன். கோபத்தோடு போனேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஆர்வத்தோடுதான் போனேன். விற்பனையாளர் இளைஞர். தவறுதலாகப் பில் விழுந்திருக்கும், பார்க்கிறேன், கொஞ்சம் இருங்கள் சார் என்றார். இருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி கைரேகை வைத்துக்கொண்டிருந்தார். கருவி ஏற்கவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்றார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. பெருவிரலைத் திருப்பிக் காட்டினார். ரேகை என்று எதுவும் இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம், மகன் இங்கே சென்ட்ரிங் வேலை செய்கிறான், அட்டையை இங்கே மாற்றிக்கொண்டோம் என்றார். நாற்று பிடுங்கியும் நட்டும் தேய்ந்த விரல். கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

எடை போடுபவர் மின்னணுத் தராசின் மேல் பையை வைத்து அரிசியைக் கொட்டினார். எண் தெரியும் பக்கம் உள்நோக்கி இருந்தது. நான் நின்ற மூலையிலிருந்து மட்டும் அது கண்ணில் பட்டது. பாட்டி என்னைப் பார்த்தார்.

"தம்பி, எவ்வளவு காட்டுது?"

"19.4."

எடை போடுபவர் எவர் முகத்தையும் பார்க்காமல் இன்னும் ஒரு முகவை அள்ளிப் போட்டார். எண் 20-ஐத் தாண்டி ஆடி நின்றது. பாட்டி பையின் வாயை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே சிந்தியிருந்த நாலைந்து அரிசியைக் குனிந்து பொறுக்கினார்.